மொட்டை மாடிக்கு வந்த ஸ்டெப்: மியூசிக் வீடியோ எப்படி வேலை செய்கிறது?

போன டிசம்பரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் ஆறு பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் ஓடும் பாட்டைப் பார்த்துப் பார்த்து ஆட்டம். பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. "முதல்ல வலது கைதான்" என்கிறாள் ஒருத்தி. "போன்ல இந்தப் பக்கம்தானே போகுது, அப்போ இடது கை" என்கிறான் இன்னொருவன்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரையில் ஆடுபவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கை நம் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும். கண்ணாடி முன்னால் நிற்பதுபோல் நினைத்து ஆடினால் கை மாறிவிடும். ஆட்டம் சொல்லித்தருபவர்களில் பலர் படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டு வீடியோ வெளியிடுவது இதனால்தான்.

துணி எடுக்க வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பாட்டையெல்லாம் பார்த்துத்தான் பிள்ளைங்க கெட்டுப்போகுது" என்றார். பக்கத்துக் கொடியில் துணி உதறிக்கொண்டிருந்த அக்கா விடவில்லை. "ஊர்ல இல்லாததையா காட்டிட்டாங்க, விடுங்கய்யா" என்றார்.

மியூசிக் வீடியோ பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, வீடியோ நம்மைக் கெடுக்கிறது. இல்லையென்றால், வீடியோ வெறும் கண்ணாடி, இருப்பதைக் காட்டுகிறது. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நடப்பது ஒரு சுற்று. எங்கோ ஒரு சிறு கூட்டத்தில் இருக்கும் ஒன்றை வீடியோ எடுத்துக்கொள்கிறது, மற்றவர்கள் பார்த்துச் செய்யும்படி அதற்கு ஒரு வடிவம் தருகிறது, திரும்ப ஊருக்கு அனுப்புகிறது. அந்தப் பயணத்தில் சில விஷயங்கள் மாறும், சிலருடைய பெயர் உதிர்ந்துபோகும். அந்தச் சுற்றை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

மியூசிக் வீடியோ என்றால் என்ன?

ஒரு பாட்டைக் கேட்கவைக்கவும் விற்கவும் எடுக்கப்படும் குறும்படம்தான் மியூசிக் வீடியோ. தமிழர்களான நமக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. நாம் சினிமாப் பாட்டுக் காட்சியோடு வளர்ந்தவர்கள். சினிமாப் பாட்டு ஒரு கதைக்குள் இருக்கிறது. நாயகனும் நாயகியும் யார், ஏன் ஆடுகிறார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். மியூசிக் வீடியோவுக்கு அப்படி முன்கதை கிடையாது, நான்கு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அதுவே நிறுவியாக வேண்டும். ஆனால் இன்று படம் வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' வந்துவிடுகிறது. அப்போது அந்தப் பாட்டும் மியூசிக் வீடியோ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறேன்.

எடுக்கும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே. பாட்டு முதலில் பதிவாகிவிடும், படம் பிறகு. படப்பிடிப்பில் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்வார்கள். நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் ரொம்ப காலம் இந்த வேலையைச் செய்தது 'நாகரா' என்ற டேப் கருவி. ஒரு சின்னக் கணக்கைச் சொன்னால் இந்தத் தொழிலின் சூட்சுமம் புரியும். சினிமா கேமரா வழக்கமாக நொடிக்கு 24 படம் எடுக்கும். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கேமராவையும் நொடிக்கு 48 படமாக ஓட்டுகிறார்கள் என்று வையுங்கள். பிறகு 24 கணக்கில் திரையிட்டால், உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், முடியும் புடவையும் மட்டும் மெதுவாகக் காற்றில் மிதக்கும். பார்ப்பவருக்கு அது கனவு மாதிரி இருக்கும். அங்கே ஆடியவரோ இரண்டு மடங்கு வேகத்தில் வாயசைத்து மூச்சு வாங்கியிருப்பார்.

இது ஒரு விளம்பரமும்கூட. 1966-ல் பீட்டில்ஸ் குழு தங்கள் புதுப் பாட்டுகளுக்குச் சிறு படங்கள் எடுத்துத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போய்ப் பாடி மாளாது என்பதே காரணம். 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டுச் சேனல் தொடங்கியபோது, நாள் முழுக்க ஓட்டுவதற்கான வீடியோக்களை இசைத்தட்டு நிறுவனங்கள் இலவசமாகவே கொடுத்தன. சோப்பு விளம்பரம் வந்தால் நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம். பாட்டு விளம்பரம் வந்தால் சமையலறையில் இருப்பவரையும் கூப்பிட்டு உட்காரவைப்போம். ஒரு தடவை பார்த்தது போதாமல் மறுபடி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்போம். வீடியோவின் பலம் இந்த மறுபடியில்தான் இருக்கிறது.

மார்கழியில் நடக்கும் அதே கதை

இந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்பதற்கு நம் வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. கோலப் புத்தகம்.

கோலம் எந்தப் பத்திரிகையும் கண்டுபிடித்ததல்ல. பாட்டி போட்டாள், அம்மா பார்த்துக் கற்றாள். தெருவுக்குத் தெரு ஒரு கைவாகு இருந்தது. பிறகு பத்திரிகைகள் மார்கழி தோறும் கோலங்களை அச்சிட்டன. வாசகிகள் அனுப்பிய ஆயிரக்கணக்கானவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, 'நேர்ப்புள்ளி 15, 15 வரிசை' என்று அளவு எழுதிப் போட்டார்கள். நோட்டில் வெட்டி ஒட்டிவைத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் வேறு ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தி அதே கோலத்தைப் போட்டாள்.

இதில் என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். பத்திரிகை கோலத்தைப் படைக்கவில்லை. ஆனால் இருந்ததை அப்படியே காட்டவும் இல்லை. புள்ளிக் கணக்கில் அடங்குவது எளிதாக அச்சேறியது. கை போன போக்கில் இழுத்த கோலம் அவ்வளவு எளிதில் அச்சேறாது. எண்ணிப் போட முடிந்தது ஊர் ஊராகப் போயிற்று, எண்ண முடியாதது அந்தத் தெருவிலேயே தங்கிவிட்டது. மூன்று தலைமுறை கழித்து, இந்தச் சிக்குக் கோலத்தை முதலில் இழுத்த கை எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

மியூசிக் வீடியோவும் இதைத்தான் செய்கிறது. எடுக்கிறது, திரும்பச் செய்யும்படி வடிவம் கொடுக்கிறது, பல தடவை காட்டுகிறது, ஊர் அதைப் பார்த்துச் செய்து தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாறியதை அடுத்த வீடியோ எடுத்துக்கொள்கிறது.

ரீவைண்ட் பொத்தானும் பேய்களின் ஆட்டமும்

புள்ளிக் கணக்குக்கு இணையாக வீடியோவில் இருப்பது ஹூக் ஸ்டெப். பாட்டின் முக்கிய வரி வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் ஓர் அசைவு அது. நல்ல ஹூக் ஸ்டெப் எட்டு கவுண்டுக்குள், அதாவது தாளத்தோடு எட்டு எண்ணுவதற்குள், முடிந்துவிடும், முன்னால் நின்று பார்த்தாலே புரிந்துவிடும், நடனம் படிக்காதவருக்கும் வரும். நம் டான்ஸ் மாஸ்டர்கள் 'ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்' என்று குரல் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எட்டுக்குள் ஓர் அசைவை அடக்கி, அதைக் கல்யாண வீட்டுச் சித்தப்பாவும் ஆடும்படி செய்வது பெரிய வித்தை. எளிமையாக இருப்பதாலேயே அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோ 1983 டிசம்பர் 2-ஆம் தேதி எம்டிவியில் முதலில் ஒளிபரப்பானது. கிட்டத்தட்ட 14 நிமிடம். இயக்கியவர் ஜான் லாண்டிஸ், நடனம் மைக்கேல் பீட்டர்ஸ். அப்போது அமெரிக்காவில் திகில் படங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. லாண்டிஸே 1981-ல் மனிதன் ஓநாயாக மாறும் படம் ஒன்றை எடுத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் ஜாக்சன் அவரைத் தேடிப் போனார். ஆக, ஊரில் ஏற்கெனவே இருந்த பேய்ப்பட ஆசையை வீடியோ எடுத்துக்கொண்டது. அதன் கண்ணாடிப் பக்கம் அது.

அடுத்த பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வீடியோவுக்கு ஆன செலவை ஈடுகட்ட, அது எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் தனிப் படம் ஒன்றையும் தயாரித்து வீடியோ கேசட்டில் விற்றார்கள். அதில் ஒத்திகைக் காட்சிகளும் இருந்தன. வீட்டில் கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவி இருந்தால் போதும், புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கலாம். விரல்களை நகம் மாதிரி மடக்கி இரண்டு கையையும் ஒரு பக்கமாகத் தூக்கி, பிறகு மறுபக்கம் திருப்பும் அந்த அசைவை உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் கற்றார்கள். எங்கள் மாடியில் செல்போன் செய்ததை அன்று ரீவைண்ட் பொத்தான் செய்தது. 2007-ல் பிலிப்பைன்ஸின் செபு மாகாணச் சிறையில் நூற்றுக்கணக்கான கைதிகள் ஆரஞ்சு உடையில் அதே ஆட்டத்தை ஆடிய வீடியோ யூடியூபில் உலகம் சுற்றியது. 24 வருடம் கழித்து, ஒரு சிறை முற்றத்தில், அதே எட்டு கவுண்டு! 2009-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் 'த்ரில்லர்' சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் மியூசிக் வீடியோ இதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். வீடியோ வெறுங்கையோடு தொடங்குவதில்லை, ஊரில் இருப்பதை எடுக்கிறது. பார்த்துச் செய்ய எளிதானது பரவுகிறது. திரும்பத் திரும்பப் பார்க்கக் கருவி கிடைத்தால் இன்னும் வேகமாகப் பரவுகிறது.

இதழிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து திரைக்கு

சுற்றை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் 1990-ல் வந்த அமெரிக்கப் பாடகி மடோனாவின் 'வோக்' வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'வோக்' என்பது பணக்காரப் பெண்களுக்கான அமெரிக்க ஃபேஷன் இதழின் பெயர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநங்கையரும் 'பால்' (ball) என்ற போட்டி இரவுகளை நடத்திவந்தார்கள். வாடகைக் கூடத்தில், நடுவர்கள் முன்னால், உடையும் நடையும் ஆட்டமும் காட்டிப் பரிசு வெல்வார்கள். போட்டியிடும் குழுக்களுக்கு 'ஹவுஸ்' என்று பெயர். ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு 'அம்மா' உண்டு. பெற்ற வீடு துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு அந்த அம்மாதான் அம்மா. நம் ஊர்த் திருநங்கையர் ஒருவரையொருவர் அம்மா, மகள் என்று தத்தெடுத்துக்கொள்வதைத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூடங்களில் பிறந்த ஆட்டம்தான் வோகிங். இதழின் மாடல்கள் புகைப்படத்துக்கு நிற்கும் நிலைகளை இவர்கள் எடுத்தார்கள். கையை முகத்துக்குச் சட்டமாகப் பிடிப்பது, இடுப்பை ஒடித்துச் சட்டென்று உறைந்து நிற்பது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாளத்தோடு வெட்டி வெட்டிப் போனார்கள். தங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லாத ஓர் இதழின் அழகைத் தங்கள் உடம்பில் வரவழைத்துக் காட்டினார்கள். நான் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட கதைகளிலேயே துணிச்சலான ஒன்று இது.

மடோனா இந்தக் கூடங்களிலிருந்துதான் ஹோசே குட்டியரஸ், லூயி கமாச்சோ என்ற இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகான்ஸாவைச் சேர்ந்தவர்கள். இயக்கியவர் டேவிட் ஃபிஞ்சர், பிறகு பெரிய சினிமா இயக்குநர் ஆனவர். வீடியோ முழுக்கக் கறுப்பு வெள்ளை. பழைய ஹாலிவுட் புகைப்படங்களையும், ஹார்ஸ்ட் என்ற புகைப்படக்காரர் 1939-ல் எடுத்த புகழ்பெற்ற ஒரு படத்தையும் நினைவூட்டும் காட்சிகள். அந்த இரண்டு இளைஞர்களின் கைகள் காற்றை வெட்டும் வேகத்தை இன்று பார்த்தாலும் கண் இமைக்கத் தோன்றாது.

இப்போது சுற்றைக் கவனியுங்கள். இதழ் ஒரு நிலையைக் காட்டியது. கூடத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து ஆட்டமாக்கினார்கள். வீடியோ அந்த ஆட்டத்தை எடுத்து உலகுக்குக் காட்டியது. எங்கெங்கோ சிறு ஊர்களில் இருந்த பிள்ளைகள் தங்கள் அறையில் அதைப் பழகினார்கள். இதில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி எது, புது வடிவம் தரும் அச்சு எது என்று பிரிக்கப் போனால் முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

என்ன உதிர்ந்தது? அந்தப் பாட்டில் பழைய நட்சத்திரங்கள் 16 பேரின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எல்லாரும் வெள்ளையர்கள். ஆட்டத்தை உருவாக்கிய கூடத்தின் அம்மாக்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. எய்ட்ஸ் நோய் அந்தச் சமூகத்தைத் தின்றுகொண்டிருந்த வருடங்கள் அவை. வீடியோவைப் பார்த்து ஆடிய லட்சக்கணக்கானவர்களில் பலருக்கு இது மடோனாவின் ஆட்டம் என்றே தெரியும். அதே சமயம், ஹோசேவும் லூயியும் திரையில் தெரிந்தார்கள், நடனம் அமைத்தார்கள், அவரோடு உலகம் சுற்றினார்கள். தன்னைப் போல் வேறு யாரும் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்த ஒரு பையன் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட எனக்கு மனமில்லை.

அசைவு எல்லை தாண்டும், அர்த்தம் தாண்டுவதில்லை

2012 ஜூலையில் தென்கொரியப் பாடகர் சை வெளியிட்ட 'கங்னம் ஸ்டைல்' வீடியோவுக்கு அந்த வருடம் டிசம்பர் 21-ஆம் தேதி 100 கோடிப் பார்வைகள் ஆயின. யூடியூபில் அந்த எண்ணைத் தொட்ட முதல் வீடியோ. இரண்டு வருடம் கழித்து அது 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டிப் போனபோது, யூடியூப் தன் எண்ணிக்கைக் கணக்கின் உச்சவரம்பையே உயர்த்த வேண்டியிருந்தது.

கங்னம் என்பது சியோல் நகரில் ஹான் ஆற்றுக்குத் தெற்கே உள்ள வசதியான பகுதி. வசதி இல்லாமலே வசதிக்காரர்போல் காட்டிக்கொள்பவர்களை வீடியோ கிண்டல் செய்கிறது. தொடக்கக் காட்சியைப் பாருங்கள். கடற்கரையில் படுத்து வெயில் காய்வதுபோல் இருக்கும், கேமரா விலகினால் அது பிள்ளைகள் விளையாடும் மணல்திட்டு. இரண்டு பெண்களோடு கம்பீரமாக நடந்து வருவார், காற்றில் குப்பை பறந்து முகத்தில் அடிக்கும். கொரியர்களுக்கு இது உடனே புரிந்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்குக் குதிரைச் சவாரி ஸ்டெப் மட்டும் போய்ச் சேர்ந்தது. மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் கடிவாளம் பிடிப்பதுபோல் ஒரு துள்ளல். அதற்கு மொழி வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம்.

வீடியோ பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான். அசைவு எல்லை தாண்டும், அதன் பொருள் பின்னாலேயே நின்றுவிடும். அதனால் ஒரு பிள்ளை ஒரு பாட்டுக்கு ஆடுகிறது என்பதற்காக அந்தப் பாட்டு சொல்வதையெல்லாம் நம்புகிறது என்று முடிவுகட்டக் கூடாது. மாடியில் ஆடிய ஆறு பேரில் நான்கு பேருக்குப் பாட்டின் இரண்டாவது சரணமே தெரியாது.

வாசலில் நிற்பது யார்?

சரி, எல்லாப் பாட்டும் ஏன் இப்படிப் பரவுவதில்லை? நல்ல ஆட்டம் இருந்தால் மட்டும் போதாது, யாராவது நம் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேபிள் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமையானால் தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்'. வாரம் ஒரு தடவை, விரல்விட்டு எண்ணக்கூடிய பாட்டுகள். எந்தப் பாட்டு என்று முடிவெடுத்தவர்தான் வாசல்காரர். தெருவே அந்த அரைமணி நேரத்துக்குக் காலியாகிவிடும். சனிக்கிழமை பள்ளியில் எல்லாரும் பேசுவது ஒரே பாட்டைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் அந்த வாசலில் எம்டிவி நின்றது. தொடக்க வருடங்களில் கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்கள் அதில் மிகக் குறைவாகவே வந்தன. 1983-ல் பாடகர் டேவிட் போவி, தன்னைப் பேட்டி எடுக்க வந்த எம்டிவி தொகுப்பாளரிடமே ஏன் இப்படி என்று கேமரா முன்னால் கேட்டார். பெரிய நகரங்களுக்கு மட்டுமில்லாமல் சிறு ஊர்க்காரர்களுக்கும் பிடிக்கிற மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது என்கிற ரீதியில் பதில் வந்தது. அதே வருடம் ஜாக்சனின் வீடியோக்கள் அந்தத் தடையை உடைத்தன. இதையும் 'கண்ணாடி' என்று சொல்வோமா? நாட்டில் ஒரு பகுதியினரைக் காட்டாத கண்ணாடி எப்படிக் கண்ணாடி ஆகும்?

இன்று வாசலில் நிற்பது அல்காரிதம். நீங்கள் எதை முழுதாகப் பார்த்தீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள் என்பதைக் கணக்கில் வைத்து, அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் கணினி முறை அது. முதல் நொடிகளிலேயே நீங்கள் தள்ளிவிட்டால் அதற்குக் குறிப்பு கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இப்போது பாட்டுகளில் முன்னிசை சுருங்கி, ஹூக் ஸ்டெப் சீக்கிரமே வந்துவிடுகிறது. ரீல்ஸில் ஆடத் தோதான 15, 20 நொடித் துண்டு ஒன்று இருக்கிறதா என்பதும் பாட்டு உருவாகும் இடத்திலேயே பேச்சாகிவிட்டது. பார்க்கிறவர் ஆடிப் போடும் வீடியோவும் பாட்டின் வெற்றியில் சேர்கிறது. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசை யூடியூப் பார்வைகளைக் கணக்கில் எடுக்கத் தொடங்கிய வாரமே, ரசிகர்கள் ஆடிப் போட்ட அரை நிமிட வீடியோக்களின் பலத்தில் ஒரு பாட்டு நேராக முதலிடத்துக்கு வந்தது.

வாசல்காரர் மாறினார், வாசல் போகவில்லை. முன்பு யாரோ ஒருவர் நமக்காகத் தேர்ந்தெடுத்தார். இப்போது நம் விரலே தேர்ந்தெடுக்கிறது, ஆனால் அதன் முன்னால் வைக்கப்பட்டவற்றிலிருந்து மட்டும்தான்.

அப்படியானால் பிள்ளைகள் கெடுகிறார்களா, இல்லையா?

மாடியில் பெரியவர் கேட்டதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கவலையில் ஒரு உண்மை இருக்கிறது, அவர் அதைத் தேடும் இடம்தான் வேறு. ஒரு பாட்டு ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடாது. ஆயிரம் பாட்டில் ஒரே மாதிரி வந்தால், அதுதான் உலக வழக்கம் என்று மனதில் படிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே நாயகன் போகிறான், மறிக்கிறான், கடைசிச் சரணத்தில் அவள் சிரிக்கிறாள். இதை எத்தனை பாட்டில் பார்த்திருக்கிறோம்! நாயகன் எந்த நிறத்திலும் இருக்கலாம், நாயகி மட்டும் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதை எந்தப் பாட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வரிசையாகப் பார்த்துப் பார்த்துக் கண் அதைக் கற்றுக்கொண்டது. ஆகவே, 'இந்தப் பாட்டு மோசம்' என்று ஒன்றைப் பிடித்துத் திட்டுவதைவிட, எது திரும்பத் திரும்ப வருகிறது, யார் வருவதே இல்லை என்று பார்ப்பது பயனுள்ளது.

வராதவர் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்து, அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. எந்தப் படத்துக்கும் சேராத தனிப்பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இந்தப் பாட்டுக்குள் இருப்பதை அறிவு சொல்லியிருக்கிறார். 1964-ல் இரு நாட்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானது. தலைமுறைகளாக உழைத்த மண்ணை விட்டுக் கிளம்பச் சொன்ன அந்த வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. ஒப்பாரியின் சாயலும் நிலத்தின் நினைவும் கொண்ட ஒரு பாட்டு அதைக் கல்யாண மண்டபம் வரைக்கும் கொண்டுபோனது. துக்கத்திலிருந்து வந்த பாட்டுக்கு எல்லாரும் சந்தோஷமாக ஆடினார்கள். குதிரை ஸ்டெப்புக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. ஆனால் ஆடியவர்களில் சிலராவது வள்ளியம்மாள் யார் என்று தேடிப் படித்தார்கள். அப்படித் தேடியவர்களில் நானும் ஒருத்தி.

பெயர் உதிரும் பிரச்சினையும் அங்கேயே வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். அடுத்த வருடம் யார் எதைச் செய்தார் என்று மூன்று கலைஞர்களும் பொதுவெளியில் எழுதும்படி ஆனது. யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கோலத்தை முதலில் இழுத்த கை எது என்ற கேள்வியை இந்தத் தடவை ஊரே சேர்ந்து கேட்டது. அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு சின்னப் பயிற்சி

உங்களுக்குப் பிடித்த ஒரு வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு மறைத்திருந்ததெல்லாம் மேலே வரும். யார் நடுவில் நிற்கிறார்கள், யார் ஓரத்தில் அலங்காரமாக நிற்கிறார்கள், கேமரா எந்த உடம்பை எங்கே பார்க்கிறது, வீடும் தெருவும் யாருடையது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேளுங்கள். கேட்கும்போது மனதில் ஓடும் படம் உங்களுடையதா, வீடியோவுடையதா என்று பாருங்கள். எனக்குப் பல பாட்டுகளில் வீடியோவின் படம்தான் ஓடுகிறது, எவ்வளவு முயன்றாலும் வேறு படம் வருவதில்லை.

கடைசியாக, வீடியோவுக்குக் கீழே இருக்கும் குறிப்பைத் திறந்து பாருங்கள். மாடியில் சண்டை ஓய்ந்த பிறகு நாங்கள் அதைச் செய்தோம். பாடியவர், எழுதியவர், இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, உடை, ஒப்பனை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. வலது கைதான் என்று சண்டை போட்டவள் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். 'நடனம்' என்ற வரி வந்ததும் நிறுத்தி, அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். அதற்குக் கீழே 'உதவி நடனம்' என்று இன்னும் நான்கு பெயர்கள் இருந்தன. அவற்றையும் படித்தாள்.